திரையில் மாறும் முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. இணைய விளையாட்டுகளை இயற்றுவோர் இதனை மெய்யாகவே செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர்களில் பலர் அறிந்திரார்.

பலர் ஒன்றுகூடி ஆளுக்கொரு வேடம் தரித்து ஆடும் இவ்விளையாட்டுகளில், செய்யும் செயலுக்கேற்ப வேடத்தின் தோற்றமும் மாறுவதுண்டு. 1997-ல் வெளிவந்த அல்டிமா ஆன்லைனில், பிற ஆட்டக்காரர்களைக் கொன்று திரிபவனின் பெயர் சிவப்பாகத் தெரியும். எதிரே வருபவர் கண்டு ஒதுங்கலாம். 2011-ல் வந்த ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிப்பப்ளிக் இன்னும் ஒரு படி மேலே சென்றது. உரையாடலின் நடுவே இரக்கமா, கொடுமையா என்று ஆட்டக்காரன் தேர்ந்துகொள்ள வேண்டும். கொடுமையையே தேர்ந்து வருபவனின் தோல் வெளிறும். நரம்புகள் கறுத்துத் தெரியும். கண்களின் நிறம் மாறும். ஆனால் அந்த விகாரத்தை மறைத்துக்கொள்ளவும் ஒரு வசதியை வைத்துவிட்டார்கள்! செயல் நிற்கவில்லை, முகம் மட்டும் தேறிவிடுகிறது.

2005-ல் சிங்கப்பூருக்கு வந்து நம் சிறுவர்களை ஈர்த்த மேப்பிள் ஸ்டோரியில் போட் கீ கூடச் சித்திரமாக இடம்பெற்றது. அங்கே முகமும் முடியும் காசு கொடுத்து வாங்கும் சீட்டினால் மாறும். சிராங்கூன் ரோட்டு முடிதிருத்தும் கடைக்காரர் எவரும் முகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லமாட்டார்.

இவை வெறும் பொம்மை விவகாரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் என்னும் இருவர் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், திரையில் உயரமான உருவம் பெற்றவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் விடாப்பிடியாக நின்றார்கள். குள்ள உருவம் பெற்றவர்களோ பாதகமான பங்குக்கும் எளிதில் இணங்கினார்கள். நாம் வேடத்தை ஆட்டுவிப்பது போலவே வேடமும் நம்மை ஆட்டுவிக்கிறது.

நமதூரில் நடந்ததைக் கவனியுங்கள். 2023 ஜனவரியில் 16 வயது மாணவன் ஒருவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. ரோப்லாக்ஸ் விளையாட்டில் சிரியாவையும் பிலிப்பீன்ஸின் மராவி நகரையும் போல் அமைத்த களங்களில் அவன் ஐ.எஸ்.ஐ.எஸ். படையினனாக ஆடினான். விளையாட்டுத் தலைவன் ஒருவனிடம் பைஅத் செய்தான். அக்கூட்டத்தின் பேச்சாளனாகவும் பிரசாரகனாகவும் ஆனான். முடிவில் தன்னை மெய்யாகவே அவ்வியக்கத்தவன் என்று கருதிக்கொண்டான். புனிதமான பைஅத் ஒரு பொம்மையின் முன் நிகழ்ந்ததை எண்ண நெஞ்சம் பதறுகிறது.

இது நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. 2024 டிசம்பரில் தடுத்து வைக்கப்பட்ட 18 வயது வாலிபன் முஸ்லிம்களை வெறுத்தவன். 2019-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அந்நூர் பள்ளிவாசலில் தொழ வந்தோரைச் சுட்டவனின் வேடத்தைத் தரிக்கவென்றே, விளையாட்டை மாற்றும் நிரல்களை அவன் இறக்கிக்கொண்டான்.

ரோப்லாக்ஸ் உருவங்கள் மரக்கட்டைப் பொம்மை போன்றவை. என்ன செய்தாலும் அவற்றின் கண் மாறாது, தோல் வெளிறாது. மகனின் முதுகுப் பக்கமாகக் கடந்து செல்லும் தாய்க்கு அங்கே தெரிவது சிரிக்கும் பொம்மைதான். ஆகையால் பார்ப்பது போதாது. பக்கத்தில் அமர்ந்து கேட்க வேண்டும். "தம்பி, இந்த ஆள் யார்? யாருடைய கட்சி? இவனுக்கு உத்தரவிடுபவர் யார்? அவரை நீ எங்கே சந்தித்தாய்?" அதட்டாமல் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ஆசையாகவே சொல்வார்கள், தாம் வளர்த்த வேடத்தைக் காட்டுவதில் அவர்களுக்கு அத்தனை பெருமை.

விடை மனத்தை உறுத்தினால், சமய மறுவாழ்வுக் குழுவினரை நாடலாம். 2003 முதல் செயல்பட்டுவரும் அவர்களது ஆலோசனை நிலையம் 2014-ல் கேலாங் ரோடு கதீஜா பள்ளிவாசலில் திறக்கப்பட்டது. பிள்ளையை அழைத்துச் செல்லுமுன் பெற்றோர் மட்டும் சென்று பேசிப் பார்ப்பதிலும் தவறில்லை.