டேப்பிலிருந்து மீட்க: டாரா, டம்பா, சிபியோவா?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே செம்மேட்டில் யூனிக்ஸ் சர்வர் வைத்திருக்கும் ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிஸ்க் போய்விட்டது; பேக்கப் நாமக்கல்லில். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் 12 டெராபைட்டை இறக்கி முடிக்க 111 நாள் ஆகும். அத்தனையும் ஒரே எல்டிஓ-8 டேப்பில் அடங்கும். பையில் போட்டு பஸ் ஏறினால் அன்றைக்கே மலைக்கு வந்துவிடும்; டிரைவ் முழு வேகத்தில் ஓடினால் படித்து முடிக்க ஒன்பதேகால் மணி நேரம்.

தொலைந்தது ஒரே ஒரு சம்பளப் பட்டியல் என்றால் கதையே வேறு. கீழே இருப்பவர் டேப்பை ஓட்டி அந்தக் கோப்பை மட்டும் எடுத்து அனுப்பிவிடலாம்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும், முழுவதையும் மீட்பதா ஒரு கோப்பை மட்டுமா என்ற இதே கணக்குதான். ஆனால் அதை பேக்கப் எடுக்கும் நாளிலேயே போட்டாக வேண்டும். எதில் எழுதினோமோ பெரும்பாலும் அதில்தான் படிக்க முடியும்.

1979-இல் வந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பிலேயே இருந்த டார் எந்த யூனிக்ஸிலும் கிடைக்கும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறும் கோப்புகளுக்கு அதுவே போதும். ஒரு கோப்பை மட்டும் கேட்டால்தான் பொறுமையைச் சோதிக்கும்: கோப்பு கிடைத்த பிறகும், அதன் புதிய பிரதி பின்னால் இருக்கலாம் என்று கடைசிவரை படித்துக்கொண்டே போகும். குனு டாரில் முதல் பிரதியோடு நிறுத்தச் சொல்லும் வசதி உண்டு.

ஒற்றைக் கோப்புகளை அடிக்கடி மீட்க வேண்டிய இடத்துக்கு டம்ப்தான் சரி. டேப்பின் தொடக்கத்திலேயே உள்ளடக்கப் பட்டியலை எழுதிவிடுகிறது. அதன் இணையான ரெஸ்டோரை உரையாடல் முறையில் திறந்தால், டைரக்டரிகளுக்குள் உலவி, வேண்டியதைக் குறித்து, எடுத்துக்கொள்ளலாம். பல டேப்புகள் இருந்து, கோப்பு எதில் என்று தெரியாவிட்டால் கடைசி டேப்பிலிருந்து பின்னோக்கி வரச் சொல்கிறது அதன் கையேடு; விசித்திரமாகத் தோன்றினாலும் அதன்படியே செய்வது நல்லது. முழு டிஸ்க்கையும் மீட்பதென்றால் வெறும் கோப்பு முறைமையில் முதலில் பூஜ்ய நிலை, அதாவது முழு பேக்கப்; பிறகு மாற்றங்களை மட்டும் கொண்ட அடுத்தடுத்த நிலைகள். வரிசை மாறக் கூடாது. டம்ப் கோப்பு முறைமையோடு பிணைந்தது. எக்ஸ்எஃப்எஸ் என்றால் அதற்குத் தனி டம்ப் வேண்டும்.

சிபியோ? பழுதுபட்ட டேப்பில் கெட்ட பகுதியைத் தாண்டி அடுத்த கோப்பைத் தேடிப் பிடிக்கும். மற்றபடி அதைத் தேடிப்போகக் காரணம் குறைவு.

சர்வர்கள் பெருகினால் அமாண்டா, பகுலா போன்ற பேக்கப் மேலாண்மை மென்பொருள்கள் வேண்டும். பகுலா தனி வடிவத்தில் எழுதுவது. எந்தக் கோப்பு எந்த டேப்பில் என்று குறித்துவைக்கும் கேட்டலாக் அழிந்தால் டேப்பை முழுக்க வருடி அதை மறுபடி கட்ட வேண்டும். அமாண்டா எழுதுவது 32 கிலோபைட் தலைப்பும் அதன்பின் சாதாரண டார் அல்லது டம்பும். மீட்கும் கட்டளையே அந்தத் தலைப்பில் இருக்கும். ஆள் குறைந்த மலை அலுவலகத்துக்கு அமாண்டாவே நிம்மதி.

இவ்வளவு சிரமம் எதற்கு, இன்னொரு சர்வரில் பிரதி வைத்தால் போதாதா என்பவர்கள் 2011 பிப்ரவரியில் ஜிமெயிலுக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். மென்பொருள் பிழை ஒன்று பல பிரதிகளையும் ஒருசேரப் பாதித்தது, 0.02 சதவீதப் பயனர்களின் அஞ்சல்கள் இணைப்பில்லாமல் கிடந்த டேப்புகளிலிருந்துதான் திரும்பின.

எந்த மென்பொருளானாலும் மீட்பதைத் தனி டைரக்டரியில் இறக்கிப் பார்த்துவிட்டே பழைய இடத்துக்கு நகர்த்த வேண்டும். அப்படி இறக்கும்போது, நடப்பு டைரக்டரியின் உரிமையாளரையும் அனுமதிகளையும் மாற்றட்டுமா என்று ரெஸ்டோர் கடைசியில் கேட்கும். அதற்குப் பதில்: வேண்டாம்.