நீக்கிய விதி எது என்று கேளுங்கள்

மேசைப் போர் விளையாட்டுக்கு விதி எழுதியவர் ஒருவரை நேரில் சந்தித்தால், ஆடுபவர்கள் பெரும்பாலும் ஒரு சண்டையோடுதான் போவார்கள். இந்தப் பக்கத்து விதிக்கும் அந்தப் பக்கத்து விதிக்கும் முரண் இருக்கிறது, இந்தப் படைக்கு விலை அதிகம், அந்தப் படை அடங்காமல் ஆடுகிறது என்பது போல. அவர் அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வார். அதே பதிலை அன்று காலையிலிருந்து பலருக்கும் சொல்லியிருப்பார். நாட்டிங்ஹாமுக்கு வேலைக்கு வந்து, இந்த விளையாட்டில் விழுந்து, அதை உருவாக்குபவர்கள் பலரோடு பேசிப் பழகியதில் நான் கைக்கொண்ட கேள்வி வேறு: "எழுதி, ஆடிப் பார்த்துவிட்டு, எதை எடுத்தீர்கள்?"

விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். ஆறடிக்கு நாலடி மேசை. அதன்மேல் புல்தரை, வேலி, ஓடை, சில வீடுகள். வெள்ளீயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த, ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் ஆடுபவரே தூரிகை பிடித்து வண்ணம் தீட்டியிருப்பார். சதுரங்கம்போலக் கட்டங்கள் கிடையாது. அளவுநாடா வைத்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' எழுதியபோது சுடுவதற்குப் பகடைகூடத் தேவைப்படவில்லை. பொம்மைப் பீரங்கியால் நிஜமாகவே எய்து எதிரியின் சிப்பாய்களைச் சாய்த்தார்கள். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டன் எழுதிய 'வார் கேம்ஸ்' நூல் இதைப் பிரிட்டனில் பரவலான பொழுதுபோக்காக்கியது. 1983இல் வார்ஹாமர் வந்தது, 1987இல் வார்ஹாமர் 40,000. அவற்றை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் நாட்டிங்ஹாமில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்து வெளியேறியவர்கள் பலர் இதே வட்டாரத்தில் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். அதனால் இங்கே விதிநூலின் அட்டையில் பெயர் உள்ளவரே கண்காட்சி மேசைக்குப் பின்னால் நின்று மீதிச் சில்லறை எண்ணிக் கொடுப்பதைப் பார்க்கலாம்.

லண்டனில் நடக்கும் சல்யூட், நியூவர்க்கில் நடக்கும் பார்ட்டிசான் போன்ற கண்காட்சிகள்தான் பேசுவதற்கு நல்ல இடம். காலையில் போய் நிற்காதீர்கள். அது அவர்களுக்கு வியாபார நேரம். மேசை வாடகையும் பயணச் செலவும் அப்போதுதான் தேற வேண்டும். மதிய உணவுக்குப் பின் கூட்டம் தளரும், நாற்காலி கிடைக்கும், அவர்களுக்கும் பேச வேண்டும்போல இருக்கும். நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவரிடம் வரப்போகும் படைப்புகளைத் துருவ வேண்டாம். அவரால் சொல்ல முடியாது, மறுப்பதும் அவருக்குச் சங்கடம். நீங்கள் எழுதிய விதிகளை நீட்டி வாசிக்கச் சொல்லவும் வேண்டாம். நாளைக்கு அவர் நூலில் அதைப்போல ஒன்று வந்தால் இருவருக்கும் தொல்லை என்பதால் பலர் கையில் வாங்கவே மாட்டார்கள். உங்கள் விதிகளில் உங்களை மடக்கும் ஒரே ஒரு சிக்கலை எடுத்துச் சொல்லி, "இதை நீங்கள் எப்படி அணுகுவீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு நேரம் கொடுப்பார்கள்.

முடிந்தால் அவரோடு ஒரு ஆட்டம் ஆடுங்கள். ஆடும்போது அவர் கண் பகடையில் இருக்காது, உங்கள் முகத்தில் இருக்கும். எங்கே தயங்குகிறீர்கள், எங்கே புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பார். தயக்கம் அவருக்குப் பிடிக்கும், புரட்டல் பிடிக்காது. தயங்கினால் எதைச் செய்வது என்று யோசிக்கிறீர்கள் என்று பொருள். புரட்டினால் எப்படிச் செய்வது என்றே தெரியவில்லை.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் புகழ்பெற்ற விதிகள் பலவும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும். ரிக் பிரீஸ்ட்லியும் அலெஸியோ கவடோரேவும் எழுதி 2012இல் வெளிவந்த 'போல்ட் ஆக்‌ஷன்' ஆட்டத்தில், இரு தரப்புப் பிரிவுகளுக்கும் தலைக்கு ஒரு பகடை ஒரே பையில் போடப்படும். ஒன்றை உருவினால் எந்த நிறம் வருகிறதோ அந்தத் தரப்பு ஒரு பிரிவை இயக்கலாம். அடுத்து யார் என்று யாருக்கும் தெரியாது. டேனியல் மெர்சியின் 'லயன் ராம்பன்ட்' முதல் பதிப்பில் (2014), ஒரு பிரிவை இயக்க இரண்டு பகடை உருட்டித் தேவையான எண் வராவிட்டால் உங்கள் முறையே முடிந்துவிடும். ஆகவே எது அவசியமோ அதை முதலில் செய்ய வேண்டும்; ஆனால் அவசியமான வேலைதான் பெரும்பாலும் தோற்கக்கூடிய வேலையாக இருக்கும். 'செயின் ஆஃப் கமாண்ட்' (2013) ஆட்டத்தில் ஒரு சிப்பாய்கூட மேசைக்கு வருமுன் ரோந்துக் குறிகளை மாறிமாறி நகர்த்தி இடம் பிடிக்க வேண்டும். படை எங்கிருந்து வெளிப்படும் என்பதை அந்த முன்னாட்டம்தான் தீர்மானிக்கும். மூன்றிலும் போர்க்களத்தின் விவரங்கள் எவ்வளவோ விடப்பட்டிருக்கின்றன. தளபதியின் தவிப்பு மட்டும் விடப்படவில்லை.

விதிகளைக் குறைக்கும் இந்த ஆசை இன்று நேற்று வந்ததில்லை. பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தன் இராணுவத்துக்காக வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' வரைபடத்தின்மேல் ஆடும் போர்ப் பயிற்சி. அட்டவணைகளும் கணக்குகளும் கொண்டது. 1876இல் வெர்டி டு வெர்னுவா அந்த அட்டவணைகளை ஓரம்கட்டி, அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். கணக்கா, நடுவரா என்ற அந்த வழக்கு இந்தப் பொழுதுபோக்கில் இன்னும் முடியவில்லை. வயதான விதியெழுத்தாளர் ஒருவரிடம் இதைக் கிளப்பிவிட்டால் மாலைவரை எழுந்திருக்க மனம் வராது.

பகடைக் கணக்கையும் கேட்டுவிட வேண்டும். எனக்கு நெடுநாள் இருந்த ஐயம் இது. வார்ஹாமர் வகை ஆட்டங்களில் சுட்டது பட்டதா என்று ஒரு உருட்டல், பட்டது காயமானதா என்று இன்னொன்று, கவசம் காத்ததா என்று மூன்றாவது. மூன்றிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் ஒரு குண்டுக்கு எட்டில் ஒரு பங்கு. இருபது குண்டு சுட்டால் சராசரியாக இரண்டரை பேர் விழுவார்கள். இதே சராசரியை ஒரே உருட்டலில் கொண்டுவர முடியுமே, எதற்கு மூன்று? நான் கேட்ட வடிவமைப்பாளர் சொன்ன பதில் எளிமையானது: "மூன்றாவது உருட்டல் யார் கையில் இருக்கிறது, பாருங்கள்." கவசப் பகடையை உருட்டுபவர் சுடப்படுபவர். தன் வீரர்களைத் தானே காப்பாற்ற அவருக்கு ஒரு வாய்ப்பு. அதை எடுத்துவிட்டால் எதிராளியின் முறை முழுதும் அவர் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பதிலுக்குப் பிறகு எந்தப் புது விதிநூலை எடுத்தாலும், எதிராளி ஆடும்போது என் கைக்கு என்ன வேலை இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். நீங்களும் பார்க்கலாம், நூலின் தரத்தைப் பத்து நிமிடத்தில் அது சொல்லிவிடும்.

சோதனை ஆட்டம் பற்றி எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறார்கள். விதிகளை அறிமுகமில்லாதவர்களிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். கைப்பக்குவத்தில் சமைப்பவருக்கு உப்பின் அளவை எழுதத் தோன்றாததுபோல, தானே உருவாக்கிய ஆட்டத்தில் எது எழுதப்படவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியாது. நண்பர்களோடு ஆடினால் அந்த இடைவெளியைப் பேச்சு நிரப்பிவிடும்.

இனி, எனக்கு மிகவும் பயன்பட்ட உரையாடலுக்கு வருகிறேன். இரண்டாம் உலகப்போரின் பர்மா களத்துக்காகத் தனியாளாக ஒரு விதிநூல் எழுதிக்கொண்டிருந்தவரோடு நடந்தது அது. அந்தக் களத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு. பிரிட்டிஷ் 14ஆம் படை என்று பெயர், ஆனால் அதில் பெரும்பான்மையினர் இந்தியர்கள். மதராஸ் சாப்பர்களும் அங்கே பாலமும் பாதையும் போட்டார்கள். அப்படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம் தன் நூலில் ஒரு கணக்கு தருகிறார்: 1943இல் காயத்தால் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவை விட்டுவிட்டு அந்தப் போரை மேசைக்குக் கொண்டுவந்தால் முக்கிய எதிரியையே விட்டதாகும்.

"நோய்க்கு விதி உண்டா?" என்று கேட்டேன்.

"இருந்தது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பகடை. எடுத்துவிட்டேன்."

"ஏன்?"

"என் ஆட்டம் காட்டுவது ஒரு மணி நேரச் சண்டை. அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் காய்ச்சலில் படுத்துவிடுவதில்லை. முன்பே படுத்திருப்பார்கள்."

அதனால் நோயை ஆட்டத்துக்கு முந்தைய கட்டத்துக்கு நகர்த்தியிருந்தார். படையைப் பரப்பி வைத்தபின், தொடங்குமுன், பிரிவுக்கொரு பகடை. விழும் எண்ணுக்கு ஏற்ப வீரர்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். எதிரி இன்னும் ஒரு குண்டும் சுடவில்லை. பல இரவுகள் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய வீரனை நாமே தூக்கி வைக்கிறோம். எட்டுப் பேருக்குப் போட்ட திட்டத்தை ஐந்து பேரோடு நிறைவேற்ற வேண்டும். முறைக்கு முறை பகடை உருட்டியிருந்தால் நோய் ஒரு சலிப்பான சடங்காகியிருக்கும். இப்போது முழு ஆட்டத்தின் மீதும் அதன் நிழல் இருக்கிறது. நான் பார்த்த விதிகளில் இதைவிட நேர்மையானது அரிது.

அந்தச் சாப்பர்களைப் பற்றியும் கேட்டேன். பாலத்தருகே மூன்று முறை இடையூறின்றி நின்றால் வேலை முடிந்ததாகக் கொள்ளும் விதி வைத்திருப்பதாகச் சொன்னார். அதில் தனக்கே திருப்தி இல்லை என்றும் சொன்னார்: நாள்கணக்கில் நடந்த உழைப்பு, மேசையில் சும்மா நிற்பதாகத் தெரிகிறது. அங்கிருந்துதான் பேச்சு உண்மையில் சூடுபிடித்தது. பாலம் ஏற்கெனவே பாதி கட்டப்பட்ட நிலையில் ஆட்டத்தைத் தொடங்கலாமா, மரத்தையும் கயிற்றையும் கரைவரை சுமந்துவருவதையே ஆட்டமாக்கலாமா என்று இருவரும் மேசைமேல் காகிதம் விரித்துவிட்டோம். எடுத்த விதி எது என்பதற்கு அடுத்தபடியாக, இன்னும் தீராத விதி எது என்று கேட்பதும் நல்லது. ஆனால் அதை ஆட்டம் முடிந்த பிறகுதான் கேட்க வேண்டும். முதல் அறிமுகத்திலேயே கேட்டால் குறை தேடி வந்தவராகத் தோன்றுவீர்கள்.

பேச்சை ஒலிப்பதிவு செய்ய நினைத்தால் அனுமதி கேளுங்கள். கருவியை வைத்ததும் பெரும்பாலானவர்கள் நிதானமாகி, ஏற்கெனவே பேட்டிகளில் சொன்னதையே சொல்வார்கள். நான் பதிவு செய்வதில்லை. வீடு திரும்பும் ரயிலில் நினைவிலிருந்து எழுதிக்கொள்கிறேன். மறுவாரம் ஒரு சிறு நன்றிக் கடிதம், அதில் ஒரே ஒரு தொடர் கேள்வி. பத்துக் கேள்வி அனுப்பினால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒன்று அனுப்பினால் அநேகமாக வந்துவிடும்.

போகுமுன் ரிக் பிரீஸ்ட்லியும் ஜான் லாம்ப்ஸ்ஹெட்டும் சேர்ந்து விதி எழுதுபவர்களுக்காக 2016இல் வெளியிட்ட கையேட்டை வாசித்துவிடுங்கள். அடிப்படைகளை அது சொல்லிவிடும், மிச்ச நேரம் முழுதும் கேள்விக்குக் கிடைக்கும். இந்தத் தொழிலில் பெரும் பணம் பார்ப்பவர்கள் சிலரே. மற்றவர்கள் பகல் வேலை முடித்து இரவில் எழுதுகிறார்கள், சொந்தக் காசில் அச்சடிக்கிறார்கள், தங்கள் நூலை யாராவது கூர்ந்து ஆடியிருக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். கூச்சப்படாமல் போய்ப் பேசுங்கள். அவர் நூலை ஒரு தடவையாவது ஆடிவிட்டுப் போங்கள்.