மறதி மக்குத்தனம் அல்ல!

காலாண்டுத் தேர்வுக்கு முதல்நாள் ராத்திரி முழுக்க சமூக அறிவியல் படிச்சேன். காலையில் வினாத்தாளைப் பார்த்ததும் பாதி மறந்துபோச்சு. 31 மதிப்பெண்தான். "நான் மக்கு, இனி பள்ளிக்கூடம் போகலை" என்று அம்மாவிடம் அழுதேன்.

மனதையும் நடத்தையையும் ஆராயும் அறிவியலே உளவியல். ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் அவருக்கும் மறந்துபோச்சு! ஒரே நாளில் படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நன்றாக மனதில் தங்கும் என்றும் கண்டார்.

இப்போ அன்றைய பாடத்தை அன்றைக்கும், மறுநாளும், ஞாயிற்றுக்கிழமையும் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அரையாண்டில் 58! மறந்தால் அழாதீங்க, திரும்பப் படிங்க!