ஆர்டர் போடாத பார்சல் வந்துச்சா? பில் வரட்டும்னு காத்திருக்காதீங்க!



வாசல்ல கூரியர்காரர் நிக்கிறார். "சார், பார்சல். 499 ரூபாய் கேஷ் ஆன் டெலிவரி." நீங்க எதுவும் ஆர்டர் போடல. வீட்ல எல்லார்கிட்டயும் கேளுங்க. யாரும் போடலைன்னா வாங்காதீங்க. "கேன்சல் பண்ண ஓடிபி சொல்லுங்க"ன்னு கேட்டா, அதையும் சொல்லாதீங்க.

பணமே கேட்காம பார்சல் வந்தா? போலி ரிவ்யூ எழுதுறதுக்காக, சில விற்பனையாளர்கள் முகம் தெரியாதவங்களுக்கு மலிவான பொருளை அனுப்புவாங்க. இதுக்கு 'பிரஷ்ஷிங்'னு பேரு. இதுல உங்க காசு போகல. ஆனா உங்க பேரும் முகவரியும் யார் கையிலயோ இருக்கு. உள்ளே க்யூஆர் கோடு இருந்தா ஸ்கேன் பண்ணாதீங்க. அன்னைக்கே கார்டு கணக்கையும் ஒரு தடவை பாருங்க.

அதுல தெரியாத ஒரு சின்னத் தொகை இருக்கா? விட்டுடாதீங்க. கார்டு வேலை செய்யுதான்னு திருடன் சோதிச்சுப் பார்த்திருக்கலாம். பல வெளிநாட்டுத் தளங்கள்ல ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும்.

இங்கதான் பலர் தப்பு பண்றாங்க. "மாசக் கடைசியில பில் வரட்டும், பார்த்துக்கலாம்"னு இருந்துடறாங்க. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, நாள் கணக்கு ஓடுறது பேங்க் மெசேஜ் வந்ததுல இருந்து. உங்க தவறும் பேங்க் தவறும் இல்லாம நடந்த மோசடின்னா:

* 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தா, உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம்.
* 4 முதல் 7 வேலை நாள்னா, 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்க தலையில.
* அதுக்கும் மேல போனா, அந்த பேங்க் வச்சிருக்கற கொள்கைதான்.

ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தா, புகார் கொடுக்கும் வரைக்குமான நஷ்டம் உங்களோடது. அதனால அப்பவும் சீக்கிரம் சொல்றதுதான் லாபம்.

என்ன பண்ணணும்?

1. ஆப்ல கார்டை உடனே பிளாக் பண்ணுங்க.
2. கார்டு பின்னாடி இருக்கற நம்பருக்குப் பேசி, புகார் எண் வாங்குங்க. கூகுள்ல நம்பர் தேடாதீங்க, அதுலயும் போலி இருக்கு.
3. 1930-க்கு போன் பண்ணி சைபர் கிரைம் புகார் பதிவு பண்ணுங்க.

புகார் கொடுத்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை பேங்க் தற்காலிகமா திருப்பி வைக்கணும். 90 நாளுக்குள் முடிவு சொல்லணும். தப்பு உங்களோடதுன்னு நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான்.

வெளிநாட்டுப் பரிவர்த்தனை தேவையில்லைன்னா, இப்பவே கார்டு செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான். அப்பா, அம்மா கார்டுலயும் பண்ணிக் கொடுங்க!