ஆடுகளத்தில் ஒரு கண்காணி

பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களை வகுப்புக்குத் தவறாமல் வருமாறு வற்புறுத்துவதை நாம் அறிவோம். ஆனால், "விளையாட்டுப் பார்க்க வாருங்கள், வந்தால் மட்டும் போதாது, ஆட்டம் முடியும்வரை இருங்கள்" என்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டிக்கொண்டதையும், மாணவர்கள் இருந்தார்களா இல்லையா என்பதை அவர்களின் கைப்பேசி வழியே அறிந்துகொண்டதையும் நம்முள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் இது நிகழ்ந்தது. இன்னும் சில ஆண்டுகளில் பல்கலைக்கழகப் படியேற இருக்கும் நம் மாணவர்களும், அவர்களை வழியனுப்ப இருக்கும் பெற்றோரும் இதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நன்று.

அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் பொதுவாகக் காற்பந்து என்று அழைக்கும் ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளே ஆட்டம் எனினும், இடைநிறுத்தங்கள் பலவாதலால் முடிவதற்கு மூன்று மணி நேரத்திற்கும் மேலாகிவிடும். அலபாமாவில் இவ்வாட்டம் ஏறக்குறைய ஊர்த் திருவிழாவைப் போன்றது. டஸ்கலூசா நகரிலுள்ள பிரையன்ட்-டென்னி அரங்கில் 2019இல் 101,821 பேர் அமர இடமிருந்தது. 2007 முதல் அவ்வணியைப் பயிற்றுவித்து, 2024 சனவரியில் ஓய்வுபெற்ற நிக் சேபன், அலபாமாவுக்கு ஆறு தேசிய வாகைப் பட்டங்களைப் பெற்றுத் தந்தவர்.

இத்தகைய அணிக்குப் பார்வையாளர் குறைவதேன் என்று கேட்கத் தோன்றும். விடை வியப்பானது: அவ்வணி அளவுக்கு மீறி வென்றதும் ஒரு காரணம். 2019 செப்டம்பர் 7 அன்று நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தை அது 62-10 என்னும் கணக்கில் வீழ்த்தியது. வெற்றி யாருக்கு என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிட்ட ஆட்டத்தை, தென்மாநில வெயிலில் வியர்த்தபடி இறுதிவரை யார் பார்த்திருப்பார்? மாணவர்கள் பாதியிலேயே எழுந்து சென்றனர். அவர்களுக்கென ஒதுக்கிய பகுதியின் வெற்றிருக்கைகள் தொலைக்காட்சியில் பளிச்செனத் தெரிந்தன. மாணவர் வருகை தமக்கு ஏமாற்றமளிப்பதாக 2018ஆம் ஆண்டிலேயே சேபன் வெளிப்படையாகக் குறைகூறியிருந்தார்.

பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை கண்ட வழி ஒரு கைப்பேசிச் செயலி. ஃபேன்மேக்கர் என்னும் நிறுவனம் அமைத்துத் தந்த அதன் பெயர் 'டைட் லாயல்டி பாயின்ட்ஸ்'. செயலியைத் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்ட மாணவர் ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளிகள். நான்காம் கால்பகுதி வரை இருந்தால் மேலும் 250 புள்ளிகள். புள்ளிகள் மிகுந்தவர்க்கு, பருவ இறுதியில் நடைபெறும் பெரும் போட்டிகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்குவதில் முன்னுரிமை. வருவதற்கு அளிக்கும் பரிசைக் காட்டிலும் இருப்பதற்கு அளிக்கும் பரிசு இரண்டரை மடங்கு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். துறைக்கு எது தேவைப்பட்டது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

மாணவர் எங்கிருக்கிறார் என்பது எவ்வாறு தெரிகிறது? வானத்துச் செயற்கைக்கோள் நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. புவியிடங்காட்டி முறையின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. அவை நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் இடையறாது ஒலிபரப்புகின்றன; அவ்வளவே. நான்கு கோள்களின் குறிப்புகள் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக்கொண்டு கைப்பேசி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. எந்தக் கைப்பேசி எங்கே உள்ளது என்பது கோளுக்குத் தெரியாது. நம் இடத்தைப் பிறருக்குச் சொல்வது நம் சட்டைப்பையில் இருக்கும் கருவியும், அதற்குள் நாமே ஏற்றிவைத்த செயலியுமே. வரைபடத்தில் அரங்கைச் சுற்றி ஒரு கற்பனை வேலியை இட்டுவிட்டால், கைப்பேசி எப்போது உள்ளே நுழைந்தது, எப்போது வெளியேறியது என்பதைச் செயலி எளிதில் குறித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணால் காண்பது, கவனித்துப் பேணுவது என்னும் இரு பொருளும் கண்காணித்தல் என்பதில் அடங்கும். இலங்கை மலையகத்திலும் மலேயாவிலும் தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்தவரைக் கங்காணி என்றனர். கண்காணி என்பதன் திரிபே அது. ஆங்கில அகராதிகளிலும் அச்சொல் ஏறியுள்ளது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் வந்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். அந்தக் கங்காணியின் கொடுமையைப் பற்றி நம் முன்னோர் பலர் சொல்லியிருக்கின்றனர். ஆயினும் அவர் எதிரே நின்றார். அவர் எப்போது பார்க்கிறார், எப்போது பார்க்கவில்லை என்பது தொழிலாளிக்குத் தெரியும். அரங்கில் புள்ளிக்காக அமர்ந்திருக்கும் மாணவரைத் தோட்டத் தொழிலாளியோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. பார்ப்பவரைப் பார்க்க இயலாமை என்பது மட்டுமே நாம் இங்குச் சுட்ட விரும்பும் வேறுபாடு.

பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் கிரெக் பைர்ன் அளித்த விளக்கத்தையும் கூறுவதே நேர்மை. அரங்கிற்குள் இருக்கும்போது மட்டுமே இடம் பதிவாகும். வெளியே வந்ததும் செயலியை மூடிவிடலாம், நீக்கியும் விடலாம். திட்டத்தை ஆராய்ந்தபோது மாணவர் குழுக்கள் தனியுரிமை பற்றி அதிகம் கவலை எழுப்பவில்லை என்றார். எவரையும் வலிந்து சேர்க்கவில்லை என்பது உண்மையே. ஆனால் இசைவு வேறு, விருப்பம் வேறு. தோழர்கள் அனைவரும் புள்ளி சேர்க்கையில், தான் மட்டும் சேர்க்காவிடின் பெரும் போட்டிக்குச் சீட்டுக் கிடைக்காது என்று அஞ்சி ஒருவர் 'சரி' என்று அழுத்தினால் அது இசைவுதான். விருப்பம் என்று நாம் சொல்லமாட்டோம். மாணவர் குழுக்கள் கவலைப்படவில்லை என்பதைவிட, கவலைப்பட வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை என்பதே நமக்கு உறுத்துகிறது.

கைப்பேசியைத் தோழனிடம் கொடுத்துவிட்டு வெளியேறினால் என்ன என்னும் கேள்வியும் அப்போதே எழுந்தது. குறும்பு என்று அதைத் தள்ளிவிட இயலாது. எண்ணப்பட்டது கருவியே ஒழிய மாணவர் அல்லர். அமர்ந்திருப்பவர் ஆட்டத்தைப் பார்க்கிறாரா, பாடம் படிக்கிறாரா, உறங்குகிறாரா என்பதைச் செயலி அறியாது. இருக்கையை நிரப்பலாம், ஆரவாரத்தை எந்தப் புள்ளியாலும் வாங்க முடியாது.

ஆடுகளத்தோடு இது நின்றுவிடவில்லை. ரிக் கார்ட்டர் என்னும் முன்னாள் கூடைப்பந்துப் பயிற்சியாளர், விளையாட்டு வீரர்கள் வகுப்புக்குச் செல்கின்றனரா என்று அறிய 'ஸ்பாட்டர்எடு' என்னும் செயலியைத் தொடங்கினார். வகுப்பறையில் மறைவாக வைத்த சிறு புளூடூத் கருவியின் குறிப்பை மாணவரின் கைப்பேசி உணர்ந்தால் வருகை பதிவாகும். வீரர்களுக்காகத் தொடங்கிய அது, 2019இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பொது மாணவரின் வருகைக்கும் பயன்பட்டது. வருகைக்கு மதிப்பெண்ணும் உண்டு. விளையாட்டரங்கின் புள்ளி வேண்டாவெனில் விட்டுவிடலாம். பாடத்தின் மதிப்பெண்ணை எவ்வாறு விடுவது? நம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பெயர் அழைக்கையில் "உள்ளேன் ஐயா" என்று மாணவர் விடையளிக்கிறார். அங்கே வருகையை அறிவிப்பவர் அவரே. ஆசிரியரும் அவர் முகத்தைப் பார்க்கிறார். உடல்நலம் குன்றியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பிள்ளை 18 வயதை அடைந்தாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ, கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகிறது. வளர்ந்தவர் என்று சட்டம் மதிக்கும் ஒருவரை, எந்நேரம் எங்கிருந்தார் என்று கருவி குறித்துக்கொண்டிருப்பது பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்கலாம். நம் வீடுகளிலும் இவ்வழக்கம் இல்லாமல் இல்லை. மகள் நூலகத்தில் இருக்கிறாளா என்று தந்தை வரைபடத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து அமைதியடைகிறார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்தப் புள்ளி காட்டப்படுவது மகளுக்குத் தெரியுமா, அவள் இசைந்தாளா என்பதே கேள்வி.

பயிற்சியாக மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் இருப்பிடம் என்னும் பிரிவைத் திறந்தால், எந்தெந்தச் செயலிகள் நம் இடத்தை அறியலாம் என்னும் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் எப்போதும், பயன்படுத்தும்போது மட்டும், ஒருபோதும் வேண்டா என்பன போன்ற தெரிவுகள் இருக்கும். 'எப்போதும்' என்று குறிக்கப்பட்டவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதற்காக என்று ஒரு வரி எழுதுக. காரணம் எழுத இயலாதவற்றைப் பெற்றோரோடு அமர்ந்து மாற்றிவிடுக. பின்னர்ப் பெற்றோரின் கைப்பேசியையும் வாங்கி அவ்வாறே பார்த்தல் வேண்டும்; அங்கே பட்டியல் இன்னும் நீளமாக இருக்கக்கூடும்.