இரண்டு பெரும் பந்தயங்களுக்கு நடுவே ஓய்வு

ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம் முடிந்து ஐந்து வாரத்தில் டூர் டி பிரான்ஸ் வந்துவிடுகிறது. இடையில் ஓய்வெடுத்தால் உடல்தகுதி குறைந்துவிடாதா?

குறையாது. மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மிதித்த உடம்பில் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. களைப்புதான் தேங்கிக் கிடக்கிறது. அது வடிந்தால்தான் பெற்ற பலம் வெளியே தெரியும். சில நாள் சைக்கிளைத் தொடாவிட்டால் முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதி; திரும்ப மிதிக்கத் தொடங்கியதும் அது சீக்கிரமே மீண்டுவிடும். தசைக்குள் ஏற்பட்ட மாற்றங்கள் அவ்வளவு எளிதில் கரையாது. 2015-இல் ஆல்பெர்டோ கோண்டடோர் ஜிரோவை வென்ற கையோடு, ஜூனில் ரூட் டு சுட் பந்தயத்திலும் இறங்கி ஜெயித்தார். டூரில் ஐந்தாமிடமே கிடைத்தது. 2024-இல் தடெய் பொகாச்சர் நடுவில் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. முதலில் ஓய்வு, பிறகு பிரான்சின் ஐசோலா 2000 மலையில் பயிற்சி. இரண்டு பட்டமும் அவருக்கே. 1998-இல் மார்கோ பன்டானிக்குப் பிறகு ஒரே ஆண்டில் இதை அதுவரை யாரும் செய்திருக்கவில்லை.

2018-இல் கிறிஸ் ஃப்ரூமுக்கு ஆறு வார இடைவெளி கிடைத்தும் டூரில் மூன்றாமிடம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி அந்த ஜிரோவைப் பறித்தவர் அவர். அத்தனை கடும் உழைப்புக்கு ஆறு வாரமும் போதவில்லை என்பதே என் கணிப்பு. நீங்களும் நீண்ட பந்தயம் ஓட்டுபவரென்றால், முடிந்த முதல் வாரத்தைத் தயங்காமல் ஓய்வுக்குக் கொடுங்கள்.