உண்ணும் முன் ஒரு சொல்

வட இந்தியாவில் நவராத்திரி நோன்பு நாள்களில், ‘குட்டு’ என்னும் விதையின் மாவினால் பூரி செய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்பூரியை உண்டால் சிலருக்குத் தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சும் திணறும். இதுவே உணவு ஒவ்வாமை. உடலைக் காக்கும் நோய் எதிர்ப்பு ஆற்றல், தீங்கற்ற உணவையும் பகையெனக் கருதித் தாக்குவதால் இந்நிலை உண்டாகிறது.

இத்தகைய ஒவ்வாமை உடைய ஒருவர் ஜப்பானுக்குச் செல்வதாகக் கொள்வோம். அங்கே குட்டுவின் பெயர் ‘சொபா’. அதன் மாவில் செய்யும் நூடுல்ஸ் ஜப்பானியர் விரும்பி உண்ணும் உணவு. அதனை விலக்கிக் கோதுமை நூடுல்ஸை உண்டாலும் இடர் முற்றும் நீங்காது. சில கடைகளில் இரண்டையும் ஒரே கொதிநீரில் வேகவைப்பர். பழைய முறைத் தலையணைகளில் சொபா உமியை அடைப்பதும் உண்டு.

ஜப்பானில் பொட்டலமிட்டு விற்கும் உணவில் சொபா, முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு ஆகியவை கலந்திருப்பின், மேலுறையில் குறிப்பிடுதல் கட்டாயம். 2023இல் அக்ரூட்டும் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால், உணவகங்களுக்கு இக்கட்டாயம் இல்லை. அங்கே நாமே கேட்டறிதல் வேண்டும்.

மொழி அறியாதவர் எவ்வாறு கேட்பது? “எனக்குச் சொபா ஒவ்வாது. சிறிதளவு உண்டாலும் உயிருக்கு ஆபத்து. சொபா வெந்த நீரில் சமைத்ததும் கூடாது” என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைப் பணியாளரிடம் காட்டலாம். தெளிவான விடை கிடைக்காவிடில், உண்ணாது விடுதலே நன்று. மருத்துவர் தந்த அட்ரினலின் ஊசி எப்போதும் கைப்பையில் இருத்தல் வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஊசியைச் செலுத்தி, 119 என்னும் எண்ணில் அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

குட்டு, சொபா எனப் பெயர்கள் வேறாயினும் பொருள் ஒன்றே. செல்லும் நாட்டில் நமக்கு ஒவ்வாத உணவின் பெயரை முன்னரே அறிவோம், கூச்சமின்றிக் கேட்போம். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

சொற்பொருள்
இடர் – துன்பம், ஆபத்து
உமி – விதையின் மேல்தோல்
ஒவ்வாது – உடலுக்கு ஏற்காது

வினாக்கள்
1. உணவு ஒவ்வாமை எதனால் உண்டாகிறது?
2. கோதுமை நூடுல்ஸை உண்பவருக்கும் சொபாவினால் இடர் நேர்வது எவ்வாறு?
3. உணவகத்தில் நாமே கேட்டறிய வேண்டியது ஏன்?

செயல்பாடு
நிலக்கடலை ஒவ்வாத நண்பருக்காக ஓர் அறிவிப்பு அட்டையைத் தமிழிலும், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியிலும் எழுதுக.